பெரிய டேங்க், நீண்ட சாலை: மோட்டார் சைக்கிளின் செல்தொலைவு குறித்த ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கைப் பெரிதாக்கினால் வண்டி கூடுதல் தூரம் ஓடும் என்பதில் ஐயமில்லை. அந்தக் கூடுதல் தூரம் யாருக்கு, எந்தச் சாலையில், என்ன விலை கொடுத்துத் தேவைப்படுகிறது என்பதில்தான் ஐயம் எழுகிறது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் இருக்கும் மேலகரத்தை, திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரை, நடுப்புள்ளியாக வைத்துக்கொண்டால் இக்கேள்வியின் பெரும்பாலான பக்கங்கள் ஒரே வட்டாரத்துக்குள் அகப்பட்டுவிடுகின்றன. மேற்கே மலையும், மலைக்கு அப்பால் பெட்ரோல் விலை வேறாக இருக்கும் இன்னொரு மாநிலமும் உள்ளன. கிழக்கே பெட்ரோல் பங்குகள் நெருங்கி நிற்கும் சமவெளிச் சாலைகள். ஆனி, ஆடி மாதங்களில் சாரலும், செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்றும். இவையனைத்தும் ஒரு வண்டியின் டேங்கோடு தொடர்புடையவை என்பது முதற்பார்வையில் தோன்றாது.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒருமுறை நிரப்பிய பெட்ரோலில் வண்டி செல்லக்கூடிய தூரத்தை இங்கே செல்தொலைவு என்று குறிப்பிடலாம். இது டேங்கின் கொள்ளளவையும் மைலேஜையும் பெருக்கினால் கிடைப்பது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், கொள்ளளவு என்பதே ஒன்றல்ல, மூன்று. உற்பத்தியாளர் கையேட்டில் அச்சிடும் அளவு ஒன்று. வாய்வரை நிரப்பினால் கொள்ளும் அளவு, அதைவிடச் சற்றுக் கூடுதலானது, இரண்டாவது. எஞ்சினுக்கு உண்மையில் வந்து சேரக்கூடிய அளவு, இவ்விரண்டிலும் குறைந்தது, மூன்றாவது. 13 லிட்டர் டேங்கில் 14 லிட்டர் எப்படி ஏறியது என்று பங்கில் அவ்வப்போது எழும் தகராறுகளில் ஒரு பகுதி, முதல் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வருவது. பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவதால், நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ந்து வரும் 20 லிட்டர் பெட்ரோல், வெயிலில் நிற்கும் வண்டியில் 20 டிகிரி சூடேறினால் 0.4 லிட்டர் பெருகும். அதற்கான வெற்றிடத்தை விட்டே உற்பத்தியாளர்கள் அளவு சொல்கின்றனர். அளவில் ஐயம் இருப்பவர், ஒவ்வொரு பங்கிலும் வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக்குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம்.

மூன்றாவது அளவே செல்தொலைவைத் தீர்மானிக்கிறது. மோட்டார் சைக்கிளின் டேங்க் சட்டத்தின் மேல்குழாயைக் கவ்வி உட்காரும்படி நடுவில் ஒரு குடைவுடன் செய்யப்படுவதால், அடிப்பகுதி இரண்டு மடல்களாகப் பிரிகிறது. பெட்ரோல் மட்டம் குடைவின் உச்சிக்குக் கீழே இறங்கியதும் இரு மடல்களுக்கும் இடையே போக்குவரத்து இல்லை. எரிபொருளைத் திறந்து மூடும் டேப் பெரும்பாலான வண்டிகளில் இடப்பக்க மடலில் இருக்கும். பெட்ரோல் தீர்ந்து நின்றுபோன வண்டியை இடப்பக்கமாக நன்றாகச் சாய்த்து, ஆட்டி, மறுபடி உதைத்துக் கிளப்பும் காட்சியைத் தமிழ்நாட்டில் காணாதவர் இருக்க முடியாது. வலப்பக்க மடலில் சிறைப்பட்டிருந்த அரை லிட்டர், குடைவைத் தாண்டி இந்தப் பக்கம் வழிவதாலேயே அந்த வண்டி அடுத்த பங்குவரை போகிறது. டேங்க் அகலமாக, தொங்கும் மடல்களுடன் பெரிதாகும்போது இவ்வாறு சிறைப்படும் பெட்ரோலும் பெருகும் என்பதையும், இரு மடல்களையும் அடியில் ஒரு குழாயால் இணைக்காவிட்டால் கூடுதல் கொள்ளளவில் ஒரு பகுதி பயணத்துக்கு உதவாத வெறும் சுமையாகவே நிற்கும் என்பதையும் பலர் கணக்கில் கொள்வதில்லை.

ரிசர்வின் நிலையும் இதுவே. பழைய டேப்பின் மேல்முனையில், டேங்குக்குள், உயரம் வேறான இரண்டு வழிகள் உண்டு. உயரமான குழாய்க்குக் கீழே மட்டம் இறங்கியதும் எஞ்சின் திணறும், ஓட்டுபவர் குமிழைத் திருப்பித் தாழ்வான வழியைத் திறப்பார். ரிசர்வின் அளவைக் குழாய்களின் உயர வேறுபாடும் டேங்க் அடியின் பரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உயர வேறுபாடு 3 சென்டிமீட்டர் என்றால், அடிப்பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் உள்ள டேங்கில் 1.2 லிட்டரும், 700 சதுர சென்டிமீட்டர் உள்ளதில் 2.1 லிட்டரும் ரிசர்வில் நிற்கும். பழைய டேப்பையே புதிய டேங்கில் பொருத்தியவர், ரிசர்வுக்கு வந்த பின் இத்தனை கிலோமீட்டர் போகலாம் என்று ஆண்டுக்கணக்கில் பழகிய கணக்கை மறந்துவிட்டுப் புதிதாக அளந்தறிய வேண்டியிருக்கும்.

இந்தியச் சந்தையில் உள்ள அளவுகளைப் பார்த்தால் வண்டியின் பயன்பாடு என்னவென்று உற்பத்தியாளர்கள் கருதினர் என்பது புலப்படும். ஓசூரின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் டேங்க் 4 லிட்டர். ஹோண்டா ஆக்டிவாவுக்கு 5.3 லிட்டர், ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு 9.8 லிட்டர், பஜாஜ் பல்சர் 150-க்கு 15 லிட்டர். சென்னைத் திருவொற்றியூரில் 1950-களில் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டின் வரிசையில் இப்போதைய கிளாசிக் 350 13 லிட்டரும், 411 சிசி ஹிமாலயன் 15 லிட்டரும், அதன் பின் வந்த 450 சிசி ஹிமாலயன் 17 லிட்டரும் கொள்கின்றன. 2012-இல் புதுப்பிக்கப்பட்ட தண்டர்பேர்டு 20 லிட்டர் டேங்குடன் வந்தது. மைலேஜோடு பெருக்கிப் பார்த்தால் வேடிக்கையான ஓர் உண்மை தெரிகிறது: லிட்டருக்கு 60 கி.மீ. தரும் ஸ்பிளெண்டர் 9.8 லிட்டரில் 588 கி.மீ. ஓட, லிட்டருக்கு 32 கி.மீ. தரும் கிளாசிக் 13 லிட்டரில் 416 கி.மீ. மட்டுமே ஓடும். நெடும்பயணத்துக்கென்றே வாங்கப்படும் வண்டி, வயலுக்கும் கடைக்கும் போய்வரும் வண்டியைவிட முன்னதாகவே பங்கைத் தேடுகிறது. டேங்கைப் பெரிதாக்கும் ஆசை பெரும்பாலும் புல்லட்காரர்களிடமே காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இனி சாலைகள். மேலகரத்திலிருந்து திருநெல்வேலி பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாக 55 கி.மீ. அளவு, கொல்லம் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக 100 கி.மீ. அளவு; மதுரை 160 கி.மீ. அளவு, சென்னை 620 கி.மீ. அளவு. இச்சாலைகளில் ஊருக்கு ஊர் பங்கு உண்டு. சென்னைப் பயணத்தில்கூட இடையில் ஒருமுறை நிரப்பினால் போதும், அதுவும் எப்படியும் தேநீருக்கு நிற்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். பண்பொழி, மேக்கரை வழியாக அச்சன்கோவிலுக்கும் அங்கிருந்து காட்டுவழியே புனலூர்ப் பக்கமும் போகும் சாலையில் பங்குகள் அரிது என்றாலும், அந்தத் தூரம் எக்ஸ்எல்லின் 4 லிட்டருக்குள்ளேயே அடங்கும். தேவை என்ற கோணத்தில் மட்டும் பார்த்தால் தென்காசி மாவட்டத்துச் சாலைகள் எதுவும் பெரிய டேங்கைக் கேட்கவில்லை என்று துணிந்து கூறலாம்.

டேங்கின் அளவைவிட, ஒருமுறை வாங்கும் பெட்ரோலின் அளவே இவ்வட்டாரத்தில் பெரும்பாலோரின் செல்தொலைவைத் தீர்மானிக்கிறது என்பது இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. பங்கில் லிட்டர் சொல்லிக் கேட்பவரைவிட ‘நூறு ரூபாய்க்குப் போடுங்க’ என்பவரே மிகுதி. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பின் அந்த நூறு ரூபாய் ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவாகவே தருகிறது. அன்றாடக் கூலியிலோ தலைச்சுமை வியாபாரத்திலோ வாழ்பவருக்கு 20 லிட்டர் டேங்கை நிரப்புவது என்பது 2,000 ரூபாயை ஒரே நாளில் பெட்ரோலாக மாற்றி வைப்பது. அவர் வண்டியின் 10 லிட்டர் டேங்கே ஆண்டு முழுவதும் முக்கால் காலியாகத்தான் ஓடுகிறது. பெரிய டேங்க் என்பது முழுத்தொகையும் கையில் உள்ளவரின் வசதி என்ற உண்மை, இப்பொருள் பற்றிய தொழில்நுட்ப விவாதங்களில் ஏனோ இடம்பெறுவதே இல்லை.

விலை வேறுபாடு இன்னொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரல் 1 முதல் சமூகப் பாதுகாப்புக்கென லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் வரி விதித்தது. இவற்றின் விளைவாக எல்லையிலுள்ள புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விலை நான்கைந்து ரூபாய் வேறுபட, கேரளப் பதிவெண் வண்டிகள் செங்கோட்டைப் பகுதியில் நிரப்பிக்கொண்டு மலைச்சாலையின் எஸ் வளைவில் ஏறுவது இயல்பாயிற்று. ஆனால் இதற்காக டேங்கைப் பெரிதாக்குவது கணக்குக்கு ஒத்துவராது. கூடுதலாக 7 லிட்டர் கொள்ளும் டேங்கால் ஒரு பயணத்தில் மிஞ்சுவது 35 ரூபாய். டேங்குக்கும் கூலிக்குமாக 7,000 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொண்டால், முதலை மீட்க 200 முறை எல்லை கடக்க வேண்டும். மேலும் கொல்லம் போய்த் திரும்பும் 200 கி.மீ.க்கு எந்த வண்டியின் சொந்த டேங்கும் போதும் என்பதால், இங்கிருந்து போகிறவருக்கு அந்த 35 ரூபாயும் மிஞ்சாது. விலை வேறுபாடு உண்மையிலேயே பெரிதாக இருக்கும் எல்லைகளில் அரசுகள் டேங்கின் மீதே கண் வைத்துவிடுகின்றன: சிங்கப்பூரில் பதிவான வண்டிகள் தரைவழியே மலேசியாவுக்குள் போகும்போது டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989-இல் விதி வந்தது, 1991-இல் அது முக்கால் டேங்க் என உயர்த்தப்பட்டது. எல்லைக்கு அப்பாலுள்ள ஜொகூரின் மலிவான பெட்ரோலை நிரப்பி வருவதற்கு டேங்கில் இடமே இல்லாமல் செய்வதுதான் அதன் நோக்கம். அளவுமானியைத் திருத்தி ஏமாற்றுவதும் அங்கே குற்றம்.

பெட்ரோலே கிடைக்காத காலத்தில் டேங்கின் அளவு என்ன பயன் தரும் என்பதை இலங்கைத் தமிழர்கள் இருமுறை கண்டறிந்தனர். 1990-க்குப் பின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெட்ரோல் முதன்மையான தடைப்பொருளாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் சில துளிப் பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர். அங்கே அருமைப்பட்டது பெட்ரோலின் அந்தச் சில துளிகளே தவிர டேங்கின் இடமல்ல. 2022 ஜூலையில் நாடு முழுவதும் கியூஆர் குறியீட்டு எரிபொருள் அனுமதி வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று பங்கீடு வகுக்கப்பட்டது. பதினைந்து லிட்டர் டேங்க் வைத்திருந்தவருக்கும் பத்து லிட்டர் டேங்க் வைத்திருந்தவருக்கும் கிடைத்தது அதே நான்குதான்.

பெரிய டேங்க் தன் நியாயத்தைப் பெற்ற இடம் பாலைவனம். 1978-இன் இறுதியில் தொடங்கிய பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் சகாரா மணலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிரப்பிடமின்றி ஓட வேண்டியிருந்ததன் விளைவாக, 1983-இல் யமஹா எக்ஸ்டி 600 இசட் டெனெரே ஏறத்தாழ 30 லிட்டர் டேங்குடன் கடைக்கு வந்தது. பிஎம்டபிள்யூ தன் ஆர் 80 ஜி/எஸ்-க்கு 32 லிட்டர் பாரிஸ்–டாக்கர் டேங்கைத் தந்தது. இத்தாலியின் அசெர்பிஸ், ஆஸ்திரேலியாவின் சஃபாரி போன்ற நிறுவனங்கள் குறிப்பிட்ட மாதிரிகளுக்கென்றே அளவெடுத்துப் பாலிஎத்திலீன் டேங்குகளை வார்த்து விற்கின்றன. இன்றைய பந்தய வண்டிகளில் பெட்ரோல் ஒரே டேங்கில் இல்லை: முன்புறம் எஞ்சினின் இருபக்கமும் தாழ இறங்கும் இரண்டும், இருக்கைக்குப் பின்னால் ஒன்றுமாகச் சேர்ந்து முப்பது லிட்டருக்கு மேல் கொள்கின்றன. 2024 டாக்கரில் ராலி 2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் பதினோராம் இடமும் பெற்ற கேரளத்து ஹரித் நோவா ஓட்டிய ஷெர்கோ டிவிஎஸ் வண்டியும் இந்த வகையே. அவ்வண்டிகளின் சட்டமும் சஸ்பென்ஷனும் அந்த எடைக்கென்றே தொடக்கத்திலிருந்து வகுக்கப்பட்டவை என்பதை, படத்தைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டும்.

டேங்கைப் பெரிதாக்க இங்கே நடைமுறையில் உள்ள வழிகள் சிலவே. அதே நிறுவனத்தின் வேறு மாதிரிக்குரிய பெரிய டேங்கைக் கொண்டுவந்து பொருத்துவது முதலாவது. உள்ள டேங்கை வெட்டி, தகடு சேர்த்துப் பற்றவைத்துப் பெரிதாக்குவது இரண்டாவது. பக்கவாட்டிலோ பின்னாலோ துணை டேங்க் ஒன்றை இணைப்பது மூன்றாவது. முதல் வழியில் ஆபத்து குறைவு என்றாலும், சட்டத்தின் மேல்குழாய் அகலம், முன்புற ரப்பர் தாங்கிகளின் இடைவெளி, பின்புறப் போல்ட்டின் இடம், இருக்கையின் மூக்கு ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். இவை ஒத்துவந்தாலும் ஹேண்டில் முழுவதும் திரும்பும்போது டேங்கில் இடித்தால் பயனில்லை, ஏனெனில் நெருக்கடியான திருப்பத்தில் விரல்கள் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கும். துணை டேங்கில் எளிதானது, முதன்மை டேங்கை விட உயரத்தில் அமைந்து தானாக வடிவது. ஆனால் உயரத்தில் வைப்பதற்கு மோட்டார் சைக்கிளில் நல்ல இடமே கிடையாது. ஆலையே செய்து தரும் துணை டேங்குக்குச் சான்று 2024 ஜூலையில் வெளிவந்த பஜாஜ் ஃப்ரீடம் 125: அதில் 2 கிலோ இயற்கை எரிவாயு உருளையும் 2 லிட்டர் பெட்ரோல் டேங்கும் சேர்ந்து 330 கி.மீ. செல்லும் என்பது நிறுவனத்தின் கூற்று.

இரண்டாவது வழியே பட்டறைகளில் மலிவானது, அதுவே கொடியது. பழைய டேங்கில் ஒரு துளி பெட்ரோலும் இல்லாவிட்டாலும் தகட்டு மடிப்புகளிலும் துருவிலும் ஊறியிருக்கும் ஆவி காற்றோடு கலந்து, பற்றவைக்கும் சுடர் பட்ட நொடியில் வெடிக்கும்; நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கே வெடிப்பதற்கு உகந்தது. விவரம் அறிந்த கைவினைஞர் டேங்கைச் சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, வெட்ட வேண்டிய கோடுவரை நீரால் நிரப்பி, மேலே ஆவிக்கு இடமே இல்லாமல் செய்த பிறகுதான் சுடரைக் கிட்டே கொண்டுவருவார். பற்றவைத்து முடித்த பின் வாயை அடைத்து, மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து, தையல் நெடுகச் சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். இவ்வளவும் செய்த டேங்கிலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் தையலைச் சோதித்துவிடும். கசிவு தோன்றியதும் எம்சீல் பூசிச் சமாளிப்பது வழக்கமாக இருந்தாலும், கசியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே சூடான சிலிண்டர் இருக்கிறது என்பதை நினைத்தால் அந்த வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்து, கார்பரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தல் பிடித்துக்கொண்ட பின், இந்த வேலை இன்னும் கடினமாயிற்று. பழைய டேங்க் ஒரு கலமும் ஒரு டேப்பும் மட்டுமே. புவியீர்ப்பால் வடியும் பெட்ரோல் கார்பரேட்டரை நிரப்பியது. புதிய டேங்கின் அடியில் மின்பம்பு, வடிகட்டி, அழுத்தச் சீராக்கி, மிதவையோடு கூடிய அளவுமானி ஆகியவை ஒரே தொகுதியாகத் திருகப்பட்டுள்ளன. அந்தப் பம்பு தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலாலேயே குளிர்வது; டேங்கின் மிகத் தாழ்ந்த புள்ளியில் அது அமையாவிட்டால், லிட்டர் கணக்கில் பெட்ரோல் மிச்சமிருக்கும்போதே காற்றை உறிஞ்சிச் சூடேறும். மிதவை காட்டும் அளவு பழைய டேங்கின் வடிவத்துக்கென வகுக்கப்பட்டது என்பதால் புதிய டேங்கில் முள் பொய் சொல்லும். டேங்கின் ஆவியை வெளியே விடாமல் கரித்தூள் கலத்தில் பிடித்து வைக்கும் குழாய் அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இருந்தும் வண்டி நிற்கும்.

எடையைப் பற்றிய அச்சம் ஓரளவு மிகைப்படுத்தப்பட்டது. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு முக்கால் கிலோ அளவே; கூடுதல் 10 லிட்டரும் அதற்கான தகடும் சேர்ந்து 10 கிலோவைத் தொடும். 195 கிலோ கிளாசிக்கும் 70 கிலோ ஓட்டுநரும் சேர்ந்த எடையில் இது நூற்றுக்கு நான்கு. சமவெளியில் மைலேஜில் இதன் பாதிப்பு தெரியாது, ஏற்றத்திலும் நின்று நின்று போகும் நகரத்திலும் சற்றுத் தெரியும். பாதிப்பு எடையால் வருவதைவிட அது அமையும் உயரத்தால் வருகிறது. டேங்க் எஞ்சினுக்கு மேலே உட்காருவதால், அதைப் பெரிதாக்குவது வண்டியின் எடைமையத்தை உயர்த்துகிறது. பாதி காலியான பெரிய டேங்கில் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் பெட்ரோல் முன்னும் பின்னும் மோதி, பிரேக் பிடிக்கும்போதும் கொண்டை ஊசி வளைவில் சாயும்போதும் வண்டியைத் தள்ளும். இதனாலேயே பிஎம்டபிள்யூ எஃப் 800 ஜிஎஸ் தன் 16 லிட்டர் டேங்கை இருக்கைக்கு அடியில் வைத்தது.

சாரலுக்கு வருவோம். டேங்கில் பெட்ரோல் இல்லாத இடமெல்லாம் காற்றுதான்; ஈரக்காற்று இரவில் குளிர்ந்த தகட்டில் நீராகப் படிந்து அடியில் சேர்கிறது. முழுவதும் நிரப்பப்படாத பெரிய டேங்கில் இந்தக் காற்றிடம் பெரியது. குற்றாலச் சீசனில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் துரு முதலில் பிடிப்பது டேங்கின் உட்கூரையில்தான். 2025-இல் நாடு எட்டிய 20 சதவீத எத்தனால் கலப்பு இதைச் சிக்கலாக்குகிறது: எத்தனால் நீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும், வரம்பு மீறினால் நீரும் எத்தனாலும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும், எஞ்சின் முதலில் உறிஞ்சுவதும் அந்த அடியைத்தான். எத்தனால் கலப்புக்கென வடிவமைக்கப்படாத இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை மதிப்பிட்டது, 400 கி.மீ. செல்தொலைவில் அது 16 கி.மீ. வரை.

சட்டத்தின் நிலை பலர் எண்ணுவதைவிடக் கடுமையானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுக்கிறது. ஒரே மாதிரிக்குரிய சேதமடைந்த டேங்கை அதேபோன்ற ஒன்றால் மாற்றுவது பழுதுபார்ப்பு; வெற்று எடையை மாற்றும் 20 லிட்டர் டேங்க் அப்படியல்ல என்று வாதிட இடமுண்டு. விபத்துக்குப் பின் காப்பீட்டு மதிப்பீட்டாளர் எழுப்பும் முதற்கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும்.

இதற்கு மாறாக, 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் கேனில் கொண்டுபோவதற்குத் தாராளமாகவே இடம் தருகிறது: விற்பனைக்கல்லாத பெட்ரோல் 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம், உலோகக் கலமானால் ஒன்று 25 லிட்டருக்கு மேற்படக் கூடாது, கண்ணாடியோ பீங்கானோ ஆனால் ஒரு லிட்டருக்கு மேற்படக் கூடாது, கலம் இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. பங்குகளில் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுபவரைத் திருப்பி அனுப்புவது வெறும் பிடிவாதமல்ல.

செல்தொலைவைக் கூட்ட இன்னொரு வழி, டேங்கைத் தொடாமலே இருக்கிறது. லிட்டருக்கு 30 கி.மீ. மட்டுமே தரும் ஒரு கிளாசிக்கை 36-க்குக் கொண்டுவந்தால் 13 லிட்டரில் 78 கி.மீ. கூடுகிறது, பழைய மைலேஜில் அதைப் பெற டேங்கில் 2.6 லிட்டர் கூட்ட வேண்டும். டயர்க் காற்று, செயின் எண்ணெய், ஏர் ஃபில்ட்டர் ஆகியவை இதில் பாதி, மீதி வேகம். காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறுவது. ஆடி மாதத்தில் ஆலங்குளத்திலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருபவர் எதிரே 30 கி.மீ. வேகக் காற்றைச் சந்தித்தால், அவர் உடலும் வண்டியும் தாங்குவது 90 கி.மீ. வேகத்துக்குரிய காற்று, தடை 2.25 மடங்கு. சுற்றிலும் காற்றாலைகள் சுழலும் அந்தச் சாலையில் பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பவர், பட்டறைக்குப் போகாமலே டேங்கை நீட்டிக்கொள்கிறார்.

தென்காசியிலிருந்து வடக்கே லடாக் வரை வண்டியில் போகிறவர்களுக்கு மட்டும் இந்த விவாதம் வேறு. இமாச்சலத்தில் லே செல்லும் சாலையில் தண்டி என்னும் இடத்துப் பங்கில், அடுத்த பங்கு 365 கி.மீ. தொலைவில் என்று நெடுங்காலம் நின்ற பலகை பயணிகளிடையே பெயர்பெற்றது. லிட்டருக்கு 30 கி.மீ. தரும் 13 லிட்டர் வண்டி 390 கி.மீ. ஓடும் என்பது காகிதக் கணக்கு. காற்று மெலிந்த உயரத்தில், ஏற்றத்தில், சிறைப்பட்ட அரை லிட்டரும் போக, அது போதாது. அங்கேயும் விடை புதிய டேங்க் அல்ல. வாய்வரை நிரப்பாமல், புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக, அதிராதபடி கட்டிய 5 லிட்டர் உலோகக் கேன் ஒன்று 150 கி.மீ.யைக் கூட்டுகிறது, சட்டத்துக்கு உட்படுகிறது, ஊர் திரும்பியதும் கழற்றி வைக்கப்படுகிறது. ஆண்டுதோறும் அத்தகைய பயணம் போகிறவர் 15 அல்லது 17 லிட்டர் டேங்குடன் ஆலையிலிருந்தே வரும் வண்டியை வாங்குவது முறை. மற்றவர்கள், மேலகரத்தார் உட்பட, டேங்கை உள்ளபடியே விட்டுவிடலாம்.